நாற்பது பேர் கச்சேரிக்கு நாலாயிரம் சாட்சிகள்

மான்செஸ்டரில் அறுபத்தைந்தைத் தாண்டிய ஆளாகப் பார்த்து, 1976 ஜூன் 4 வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். காலையில் மூக்குக் கண்ணாடியை எங்கே கழற்றி வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கும் மனுஷர், அந்த ராத்திரியைப் பற்றி மட்டும் உட்கார்ந்த நாற்காலி முதற்கொண்டு விவரம் சொல்வார். ஃப்ரீ டிரேட் ஹாலின் மாடியில், சின்ன ஹாலில், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக் கோஷ்டியின் கச்சேரி. டிக்கெட் 50 பென்ஸ். 'நானும் அங்கேதான் இருந்தேன்' என்பார்.

உள்ளே இருந்தது ஏறக்குறைய நாற்பது பேர். இப்படிச் சொல்கிற எல்லோரும் நிஜமாகவே போயிருந்தால் மாடி இடிந்து கீழே விழுந்திருக்கும். 'நானும் அங்கே இருந்தேன் என்று சத்தியமாகச் சொல்கிறேன்' என்கிற பொருளில் தலைப்பு வைத்து டேவிட் நோலன் என்ற பத்திரிகையாளர் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். யார் போனார்கள், யார் போனதாகச் சொல்கிறார்கள் என்று பிரித்தெடுக்க ஒரு தனிப் புத்தகம் வேண்டியிருந்த கச்சேரி உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இதில் ஹாலின் ராசியும் கொஞ்சம் இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்கு அமைதி என்றாலே ஆகாது. அது நிற்கும் செயின்ட் பீட்டர்ஸ் ஃபீல்ட் மைதானத்தில்தான் 1819 ஆகஸ்ட் 16 அன்று, ஓட்டுரிமை கேட்டுக் கூடிய அறுபதாயிரம் பேர் கூட்டத்துக்குள் குதிரைப் படையை விட்டார்கள். பதினைந்து பேருக்கு மேல் செத்தார்கள். வாட்டர்லூவில் ஜெயித்த வீரத்தை உள்ளூர் ஜனங்கள் மேல் காட்டிய லட்சணத்துக்கு, 'பீட்டர்லூ' என்று ஊரே நக்கலாகப் பெயர் வைத்தது. பிறகு 1846-இல், தானிய இறக்குமதிக்கு வரி போட்ட தானியச் சட்டம் ஒழிந்தது. அந்தச் சந்தோஷத்தில் பஞ்சாலை முதலாளிகள் சேர்ந்து 1850-களில் அதே இடத்தில் ஒரு ஹால் கட்டி, 'தடையில்லா வணிக மண்டபம்' என்று பெயர் வைத்தார்கள். மற்ற ஊர்க்காரன் மண்டபத்துக்கு ராஜா பெயர் வைப்பான், சாமி பெயர் வைப்பான். மான்செஸ்டர்க்காரன் வியாபாரக் கொள்கையின் பெயரை வைத்தான். அவ்வளவு பக்தி.

1905 அக்டோபரில் அங்கே லிபரல் கட்சிக் கூட்டம். மேடையில் சர் எட்வர்ட் கிரே. இளைஞர் வின்ஸ்டன் சர்ச்சிலும் இருந்தார். கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட், ஆனி கென்னி என்று இரண்டு பெண்கள் எழுந்து, பெண்களுக்கு ஓட்டு கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். பதில் இல்லை. திரும்பக் கேட்டார்கள். குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் கிறிஸ்டபெல் ஒரு போலீஸ்காரர் மேல் துப்பினார். அபராதம் கட்ட மாட்டேன் என்று ஏழு நாள் ஜெயிலுக்குப் போனார். கென்னிக்கு மூன்று நாள். எழுபது வருஷம் கழித்து பங்க் ரசிகர்கள் மேடையில் இருப்பவர் மேல் எச்சில் துப்புவதை ஏதோ புது நாகரிகம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஹாலைப் பொறுத்தவரை அது பரம்பரை வழக்கம். முதலில் துப்பியவர் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு நல்ல குடும்பத்துப் பெண்.

1966 மே 17-இல் பாப் டிலன் அங்கே பெரிய ஹாலில் மின் கிதாரோடு வந்து நின்றார். நாட்டுப்புறப் பாட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டான் பாவி என்று ஒரு ரசிகர் 'யூதாஸ்' என்று கத்தினார். அந்தக் கச்சேரி திருட்டுத்தனமாக இசைத்தட்டாக வெளிவந்தபோது, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்று தப்பாகப் பெயர் பரவிவிட்டது. 1998-இல் அதிகாரபூர்வமாக வெளியிட்டபோதும் அந்தத் தப்பான பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு அப்படியே வைத்துக்கொண்டார்கள். கத்தியது நான்தான் என்று பிற்பாடு சொந்தம் கொண்டாடியவரும் ஒருவர் மட்டும் இல்லை. ஒரு வசவுக்கே அந்த ஊரில் பங்காளிச் சண்டை என்றால், ஒரு கச்சேரிக்கு எவ்வளவு நடக்கும்!

சரி, விஷயத்துக்கு வருவோம். லண்டன் கோஷ்டியான செக்ஸ் பிஸ்டல்ஸ் எதற்காக மான்செஸ்டருக்கு வந்தது? புரட்சி செய்ய என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மைக் காரணம் அதைவிட ரொம்பச் சின்னது. உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேருக்கு முன்கச்சேரி செய்ய ஒரு மேடை வேண்டியிருந்தது. தங்களைக் கூப்பிட யாரும் இல்லாததால், தாங்களே ஒரு பெரிய கச்சேரியை ஏற்பாடு செய்து, அதற்கு முன்னால் தாங்கள் வாசிப்பது என்று திட்டம் போட்டார்கள். கல்யாணச் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டவன் கல்யாணத்தையே தன் செலவில் நடத்திய மாதிரி.

ஒருவர் ஹோவர்ட் டிராஃபர்ட், மற்றவர் பீட்டர் மெக்நீஷ். போல்ட்டன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள். 1976 பிப்ரவரியில் என்.எம்.இ. பத்திரிகையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் பற்றி ஒரு விமர்சனம் வந்தது. நாங்கள் இசைக்காக வரவில்லை, கலவரத்துக்காக வந்தோம் என்கிற தோரணையில் அந்தக் கோஷ்டி பேசியதாக அதில் இருந்தது. படித்த இருவரும் பத்திரிகைக்குப் போன் போட்டு, இவர்கள் அடுத்து எங்கே வாசிக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். ஒரு காரை இரவல் வாங்கிக்கொண்டு தெற்கே போய், ஹை விக்கமிலும் வெல்வினிலும் அடுத்தடுத்த ராத்திரியில் கச்சேரி பார்த்தார்கள். போன இடத்தில் வாங்கிய 'டைம் அவுட்' பத்திரிகையின் டிவி விமர்சனத் தலைப்பிலிருந்து தங்கள் கோஷ்டிக்கு 'பஸ்காக்ஸ்' என்று பெயரும் பொறுக்கிக்கொண்டார்கள். சொந்தப் பெயரும் போயிற்று. டிராஃபர்ட் டெவோட்டோ ஆனார். மெக்நீஷ், தான் பெண்ணாகப் பிறந்திருந்தால் வீட்டில் வைத்திருப்பார்கள் என்று சொல்லப்படும் பெயரை எடுத்துக்கொண்டு பீட் ஷெல்லி ஆனார். பெயர்கள் தயார். கோஷ்டி மட்டும் இன்னும் சரியாகக் கூடவில்லை.

ஏப்ரல் முதல் தேதி அன்று கல்லூரியில் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தார்கள். மூன்று பாட்டு முடிவதற்குள் கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். முட்டாள்கள் தினம்தான், ஆனாலும் பிடுங்கியவர்கள் விளையாட்டாகப் பிடுங்கவில்லை. பிஸ்டல்ஸைக் கூட்டிவருகிறோம் என்று மாணவர் சங்கத்திடம் கேட்டதற்கு, பேர் தெரியாத ஆளுக்கெல்லாம் காசு கிடையாது என்றுவிட்டார்கள். அப்புறம்தான் ஃப்ரீ டிரேட் ஹாலின் மாடியில் இருந்த சின்ன ஹாலைப் பிடித்தார்கள். டிக்கெட் அடித்தார்கள். நோட்டீஸ் ஒட்டினார்கள். எல்லாம் முடிந்து தேதி நெருங்கும்போது பார்த்தால், வாசிக்க ஆள் இல்லை. சேர்த்து வைத்திருந்த மற்ற வாத்தியக்காரர்கள் கழன்றுகொண்டார்கள்.

நம் ஊர்த் திருவிழாக் கமிட்டியிலும் இப்படி ஒருவர் இருப்பார். நன்கொடை ரசீது கிழிப்பது முதல் மைக் செட்காரருக்கு டீ வாங்கித் தருவதுவரை எல்லாம் அவர்தான். ஆசை என்னவோ மேடையில் ஒரே ஒரு பாட்டு பாட வேண்டும் என்பதுதான். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கடைசிவரை நேரம் இருக்காது. அன்று ஷெல்லியின் நிலைமை அதுதான். தானே ஏற்பாடு செய்த கச்சேரியில், தான் வாசிக்க வேண்டிய நேரத்தில், டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து 50 பென்ஸ் 50 பென்ஸாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

காலி இடத்துக்குப் பிடித்துப் போட்ட முன்கோஷ்டி, போல்ட்டன் பக்கத்து 'சால்ஸ்டிஸ்'. நீளமுடி, நீளமான பாட்டு, முறையாகக் கற்ற கைகள். அன்று மேடையேறியவர்களில் சுருதி சுத்தமாக வாசித்தது அவர்களாகத்தான் இருக்க வேண்டும். சரித்திரம் அவர்களுக்குக் கொடுத்த சம்பளம், ஐம்பது வருஷமாக அடிக்குறிப்பில் வைத்துச் சிரித்தது. எனக்கு அவர்கள் மேல் ஒரு பரிவு உண்டு. கூப்பிட்டார்கள், வந்தார்கள், வாசித்தார்கள், போனார்கள். புரட்சி அன்றைக்குத்தான் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லையே.

வாசலில் இன்னொரு கூத்து. பிஸ்டல்ஸின் மேனேஜர் மால்கம் மெக்லாரன், லண்டன் கிங்ஸ் ரோட்டில் 'செக்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போர்டு வைத்துத் துணிக்கடை நடத்தியவர். கடைக்காரப் புத்தி எங்கே போகும்? உள்ளே கூட்டம் குறைவு என்றதும் தெருவுக்கே இறங்கி, போகிறவர் வருகிறவரை உள்ளே வாருங்கள், அருமையான கோஷ்டி என்று கூவிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஜவுளிக்கடை வாசலில் நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதேதான், இவர் உடம்பில் மட்டும் தோல் உடுப்பு.

அங்கே ஸ்டீவ் டிகில் என்று ஓர் இளைஞர் நின்றிருந்தார். அவர் கச்சேரிக்கு வந்தவரே இல்லை. சேர்ந்து ஒரு கோஷ்டி ஆரம்பிக்கலாமா என்று பேச, முன்பின் பார்த்திராத ஒருவரை அங்கே சந்திப்பதாக ஏற்பாடு. சந்தித்ததும் பக்கத்திலுள்ள காக்ஸஸ் பாருக்குப் போவது திட்டம். ஹால் வெறும் அடையாளத்துக்கு. நம் ஊரில் 'மணிக்கூண்டுகிட்ட நில்லு' என்போமே, அது மாதிரி. மெக்லாரன் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். பேஸ் கிதார் வாசிப்பவன், ஒருவருக்காகக் காத்திருக்கிறேன் என்றார் டிகில். அந்த நேரம் பார்த்து உள்ளே கவுண்டரில் இருந்த ஷெல்லியும், விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்ன, முகம் தெரியாத ஒரு பேஸ் கிதார்காரருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மெக்லாரனுக்குக் கணக்கு சுலபமாகப் போயிற்று. டிகிலை மாடிக்குத் தள்ளிக்கொண்டு போய், இதோ உன் ஆள் என்று ஷெல்லியிடம் ஒப்படைத்துவிட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தை ஒரே விஷயம் என்று நினைத்துப் பேசியிருக்கிறார்கள். தெளிவதற்குள் பிடித்துப்போய்விட்டது. பொண்ணு பார்க்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொண்ட கதை. டிகில் பஸ்காக்ஸில் சேர்ந்தது அப்படித்தான். 2018-இல் ஷெல்லி இறந்த பிறகும் கோஷ்டியை அவர்தான் நடத்துகிறார்.

பிஸ்டல்ஸ் எப்படி வாசித்தார்கள்? நன்றாக இல்லை. இதை அவர்களுடைய விரோதிகள் சொல்லவில்லை, அன்றிலிருந்து அவர்களைக் கும்பிடுபவர்களே சொல்கிறார்கள். சால்ஃபோர்டிலிருந்து பீட்டர் ஹுக், பெர்னார்ட் சம்னர் என்று இரண்டு பள்ளிக்கூடச் சினேகிதர்கள் வந்திருந்தார்கள். கேட்டது கார் மோதிய சத்தம் மாதிரி இருந்தது என்று ஹுக் பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார். மறுநாள் அம்மாவிடம் 35 பவுண்டு கடன் வாங்கிப் போய் பேஸ் கிதார் வாங்கினார். இதுதான் அந்தக் கச்சேரியின் மர்மம். மகா வித்வான் வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்தவன், நமக்கெல்லாம் எங்கே என்று வாத்தியத்தைப் பரணில் போடுவான். இங்கே மேடையில் இருந்தவர்களைப் பார்த்து, அட, இதற்கே கைதட்டுகிறார்களே என்று தெம்பு வந்து வாத்தியக் கடைக்கு ஓடினார்கள். அந்த 35 பவுண்டிலிருந்து ஜாய் டிவிஷன் என்ற கோஷ்டி வந்தது, பிறகு நியூ ஆர்டர் வந்தது. ஹுக்கின் அம்மாவுக்குக் கடன் திரும்பி வந்திருக்கும் என்று நம்புவோம்.

மார்க் இ. ஸ்மித் பார்த்தார். நான் செய்வது இதைவிட மோசமாகப் போக வழியில்லை என்கிற முடிவுக்கு வந்து 'தி ஃபால்' கோஷ்டியை ஆரம்பித்தார். அதை நாற்பது வருஷம் நடத்தி, அறுபதுக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்களைச் சேர்த்துச் சேர்த்து விலக்கினார். டவுன் பஸ்ஸில்கூட அவ்வளவு பேர் ஏறி இறங்க இரண்டு டிரிப் ஆகும். பதினேழு வயது மோரிஸி வந்திருந்தார். கிதார் வாங்கவில்லை, பேப்பரும் பேனாவும் எடுத்தார். தூங்கி எழுந்த துணியோடு மேடையேறியவர்கள் போல இருந்தார்கள், சம்பாதித்து நல்ல துணி வாங்கிக்கொள்ளட்டும் என்கிற பாணியில் என்.எம்.இ.க்கு எழுதினார், அதுவும் அச்சாயிற்று. தி ஸ்மித்ஸ் பாடகராக ஊர் அவரை அறிய இன்னும் ஆறேழு வருஷம் இருந்தது. குறை சொல்லும் குரல் மட்டும் அன்றைக்கே பக்குவமாக இருந்தது.

கிரனடா டிவியின் டோனி வில்சன் ஜூனில் வந்தாரா, அதே ஹாலில் ஜூலையில் நடந்த இரண்டாவது கச்சேரிக்கு வந்தாரா என்பதற்கு இன்றுவரை தீர்ப்பில்லை. அவர் ஜூன் என்றார், மற்றவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். '24 ஹவர் பார்ட்டி பீப்பிள்' என்று 2002-இல் அவரைப் பற்றி வந்த படம், ஹாலில் 42 பேர் என்று கணக்குச் சொல்லி, அவரையும் அதில் ஒருவராக உட்காரவைத்துவிட்டது. சினிமாவில் வந்துவிட்டால் அப்பீல் ஏது?

ஜூன் கச்சேரிக்குக் கிடைத்த பெயரில் கால்வாசிகூட ஜூலை 20 கச்சேரிக்குக் கிடைக்கவில்லை. எனக்கென்னவோ அதுதான் அசல் உள்ளூர்க் கச்சேரி. அதே மாடி, அதே பிஸ்டல்ஸ். டிக்கெட் மட்டும் ஒரு பவுண்டு. ஆறே வாரத்தில் இரட்டிப்பு விலை. புரட்சிக்கும் பணவீக்கம் உண்டு. ஆனால் இந்தத் தடவை முன்கச்சேரிகள் இரண்டும் மான்செஸ்டர்ச் சரக்கு. ஒன்று ஸ்லாட்டர் அண்ட் தி டாக்ஸ். ஊரின் தெற்கே விதன்ஷா என்ற மாபெரும் நகராட்சிக் குடியிருப்பின் விடலைகள். மிக் ரான்சன் இசைத்தட்டிலிருந்து பாதி, டேவிட் போவி இசைத்தட்டிலிருந்து பாதி என்று பெயரை ஒட்டுப்போட்டு வைத்துக்கொண்டவர்கள். தங்கள் செலவில் தனி போஸ்டர் அடித்து ஒட்டினார்கள். அதில் பிஸ்டல்ஸுக்குச் சமமாகத் தங்கள் பெயர். பஸ்காக்ஸ் பெயர் மட்டும் காணோம். யார் ஏற்பாடு செய்த கச்சேரி, யாருடைய ஹால், யார் கிழித்த டிக்கெட்! கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயரை விட்டுவிட்டு மேளக்காரர் பெயரைப் போட்டது போல. உறவுக்காரர்கள் இதற்கெல்லாம் பத்து வருஷம் பேசாமல் இருப்பார்கள். இவர்கள் ஒரே மேடையில் ஏறினார்கள். விதன்ஷாவிலிருந்து வந்த கூட்டம் கைகலப்பையும் கூடவே கூட்டிவந்திருந்தது.

இன்னொன்று, ஒருவழியாக, பஸ்காக்ஸ். ஜூன் 4-இல் தப்புக் கணக்கில் கிடைத்த டிகில் பேஸ் கிதாரில். ஜான் மாஹர் டிரம்ஸில். வயது பதினாறு, குச்சி பிடித்தே சில வாரம். ஷெல்லி கையில் மேல்பாதி உடைந்துபோன ஒரு மலிவு கிதார். அதைப் பார்த்தவர்கள் புது நாகரிகம் என்று நினைத்துக்கொண்டார்கள். வேறு வாங்கக் காசில்லை என்று விளக்கினால் யார் கேட்கப்போகிறார்கள்? முதல் கச்சேரியில் கவுண்டரில் இருந்தவர், 46 நாள் கழித்து அதே மாடியில் மேடைமேல். கலைஞனின் வளர்ச்சி என்பார்களே, அது அவருக்குச் சில கஜ தூரம்.

அன்றைக்கு வந்த கூட்டத்தில், பிற்பாடு ஜாய் டிவிஷனின் பாடகரான இயன் கர்ட்டிஸ் இருந்தார். பிஸ்டல்ஸ் 'அனார்க்கி இன் தி யு.கே.' பாட்டை முதல்முறையாக ஜனங்கள் முன்னால் பாடியதும் அன்றுதான். ஆகவே சரித்திர முக்கியத்துவம் வேண்டுமென்றால் ஜூலையிலும் தாராளமாக இருக்கிறது. ஆனாலும் பொய்ச் சாட்சிகள் ஜூனுக்கே போகிறார்கள். காரணம் சுலபம். ஜூலையில் கூட்டம் அதிகம். நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவராக இருந்ததில் என்ன பெருமை? நாற்பதில் ஒருவர் என்றால்தான் பேரனிடம் சொல்ல முடியும்.

டிசம்பரில் பிஸ்டல்ஸ் டிவி நேரலையில் கெட்ட வார்த்தை பேசிவிட்டு நாட்டையே அதிரவைத்தார்கள். அவர்களுடைய சுற்றுப்பயணத்தில் பாதிக்கு மேல் ஊர் ஊராக ரத்தாயிற்று. மான்செஸ்டரோ கதவைத் திறந்து வைத்திருந்தது, இரண்டு தடவை. அந்த மாதக் கடைசியில், 28-ஆம் தேதி, பஸ்காக்ஸ்காரர்கள் வீட்டாரிடமும் சினேகிதர்களிடமும் கைமாற்றாக 500 பவுண்டு திரட்டி நாலு பாட்டைப் பதிவு செய்தார்கள். 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற அந்தத் தட்டை 1977 ஜனவரியில் தங்கள் சொந்த லேபிளிலேயே வெளியிட்டார்கள். லண்டன் கம்பெனிகளின் வாசலில் நின்று கெஞ்சாமல், உள்ளூரிலேயே பதிந்து உள்ளூரிலிருந்தே விற்றார்கள். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் தேறியது என்பதை அட்டையிலேயே போட்டுவிட்டார்கள். சமையல்காரர் உப்பு எத்தனை தடவை போட்டேன் என்று இலையில் எழுதிப் பரிமாறுவது மாதிரி இருக்கிறது இல்லையா? 'போர்டம்' என்ற பாட்டில் ஷெல்லியின் கிதார் தனியாவர்த்தனம் இரண்டே ஸ்வரம். அந்த இரண்டையே மாற்றி மாற்றி 66 தடவை வாசித்திருக்கிறார். நம் சபாவில் யாராவது இப்படி வாசித்தால் மூன்றாவது தடவைக்குள் கேண்டீன் நிறைந்துவிடும். அங்கே முதலில் ஆயிரம் பிரதி போட்டார்கள், பிறகு பல்லாயிரமாக விற்றது. அதைப் பார்த்துவிட்டு நாடு முழுக்கப் பையன்கள் அப்பாவிடம் கைமாற்று கேட்க ஆரம்பித்தார்கள். 'இண்டி' என்று இன்றைக்குச் சொல்கிறார்களே, அந்தக் குலத்துக்கு மூத்த பிள்ளைகளில் ஒன்று இந்தத் தட்டு. வெளிவந்த சில வாரங்களில் டெவோட்டோ கோஷ்டியை விட்டு விலகினார். கல்லூரிப் படிப்பை முடிக்க வேண்டுமாம்.

இப்போது அந்த ஹால் ஒரு நட்சத்திர ஹோட்டல். முகப்புச் சுவரை மட்டும் விட்டுவைத்துவிட்டுப் பின்னால் அறைகள் கட்டிவிட்டார்கள். குதிரைப்படை, எச்சில், யூதாஸ், கார் மோதிய சத்தம் எல்லாம் நடந்த இடத்தில் இன்று சத்தம் போட்டால் வரவேற்பறையிலிருந்து போன் வரும்.

இவ்வளவு பேர் சாட்சி சொல்லும் கதையில் இரண்டு பேரை மட்டும் யாரும் தேடுவதில்லை. ஒருவர், டிகில் வாசலில் யாருக்காக நின்றாரோ அவர். இன்னொருவர், ஷெல்லி கவுண்டரில் யாரை எதிர்பார்த்தாரோ அவர். முதலாமவர் கிதாரோடு வந்து படிக்கட்டருகே நின்றிருப்பார். மணி பார்த்திருப்பார். சொன்ன நேரத்துக்கு வராத பயலோடு என்ன கோஷ்டி வேண்டிக்கிடக்கிறது என்று முணுமுணுத்திருப்பார். இரண்டாமவரும் தாமதமாக வந்து, மாடியிலிருந்து வந்த இரைச்சலைக் கேட்டு முகம் சுளித்து, இது நமக்குச் சரிப்படாது என்று திரும்பியிருப்பார். திரும்பும்போது படிக்கட்டருகே கிதாரோடு ஓர் ஆள் நிற்பதைப் பார்த்து, நீங்கள் யாருக்காவது காத்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தால், காக்ஸஸ் பார் பக்கத்தில்தான்.